வருகைப் பதிவில் சேராத தம்பிகள்

அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியை வேலை, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற வேலை மாதிரி. சோறு குறைந்தாலும் ஏச்சு நமக்குத்தான், உப்பு குறைந்தாலும் நமக்குத்தான். சாக்பீஸ் பிடித்த ஜென்மங்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஒன்பது மணி ஆய்வு

திருமலைராயன்பட்டினம் கடலோரத்தில் எங்கள் தொடக்கப் பள்ளி. ஒருநாள் மணி அடித்ததுமே கல்வி அதிகாரி வந்து நின்றார். பாதி பெஞ்சு காலி. படகுகள் கரைக்கு வரும் நேரம். அம்மாக்கள் மீன் ஏலத்துக்குப் போனால், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எங்கள் மாணவிகள்தான். பத்தரைக்குள் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்றேன். கேட்டால்தானே!

வருகை கூடாவிட்டால் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். துறைமுகத்து நிலக்கரி லாரி பறக்கிற ரோடு அது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எப்படிங்க தாண்டும் என்றேன்.

"நான் என்னம்மா பண்றது? மேல கேக்கறது பர்சன்டேஜ்தான்."

வாய் சும்மா இருக்குமா?

பெற்றோரைக் கூட்டிச் சத்தம் போட்டேன். மீன் விற்கிற செல்வி, நாலாம் வகுப்பு கயல்விழியின் அம்மா, எழுந்தார். "படகு என்ன உங்க பெல்லு கேட்டா கரைக்கு வருது? கைப்புள்ளய நீங்க பாத்துக்குங்க, மணிக்கு முன்னாடியே அனுப்புறேன்!"

"அனுப்புங்களேன்!" என்றுவிட்டேன். மறுநாள் கயல்விழி இடுப்பில் தம்பியோடு வந்தாள். பின்னாலேயே ஊர்ப்பட்ட தம்பி தங்கைகள். வராந்தாவில் பாய் விரித்து, ஏலம் முடிந்து அம்மாக்கள் வரும்வரை பாட்டும் கதையும் வைத்தோம். வாசிப்பும் கணக்கும் அப்புறம்தான். ரஹ்மத் டீச்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பெரிய டீச்சர், வருகை அமோகம்! பாதிக்கு ஜட்டிதான் இல்ல!"

புதுக் கட்டம்

அதிகாரி மறுபடி வந்தார். தலையை எண்ணினார், பதிவேட்டில் இருப்பதைவிட அதிகம், கணக்கு இடித்தது. "இது பள்ளிக்கூடமா, புள்ள பாக்கற இடமா?" கடுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பையிலிருந்த செய்தித்தாளைக் கயல்விழியிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். அவள் தம்பியை அவர் மடியில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்..." நிறுத்தினாள். முகம் வெளிறிப்போச்சு. "சார், இது எந்தத் தேதி பேப்பர்? எங்கப்பா இன்னிக்குக் கடலுக்குப் போயிருக்காங்க."

போன வாரத்துப் பேப்பர். அதைச் சொன்ன பிறகுதான் மீதியை வாசித்தாள். அதிகாரி ஆய்வு ஃபாரத்தை எடுத்துப் புரட்டினார். பையன் அவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"புரிஞ்சு படிக்குதும்மா. இதை எழுத ஃபாரத்துல இடமே இல்லையே! நானே ஒரு கட்டம் போட்டு, இந்தப் பள்ளிய எங்கயும் சேர்க்க வேணாம்னு எழுதுறேன்."

ஆக, பள்ளிக்கூடத்தை அளக்க வருகிறவர் மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தாலே போதும், பாதி அளவு சரியாகிவிடும்.