சுங்கை பெசியிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை ஆகாய மார்க்கமாக

பினாங்குக்கு விமானத்தில் போக நாங்கள் திட்டமிட்டதே இல்லை. 1938-இல் ஒரு சனிக்கிழமை காலை, பினாங்கிலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கிய பக்கத்து வீட்டுக்காரர் நேராக எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தார்.

"கமலம் புருஷனோட இன்னைக்கு நாலு மணிக் கப்பல்ல நாகப்பட்டினம் போறா. இனிமே திரும்பி வர மாட்டாங்களாம்" என்றார்.

கமலம் என் தங்கை. அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, தான் விரும்பியவரை மணந்து பினாங்கு போனவள். ஐந்து வருடமாக அப்பா அவள் பெயரை உச்சரித்ததில்லை.

அப்பா ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பியைக் கீழே வைத்தார். "பகல் ரயில் இக்கரையில பிறை ஸ்டேஷன் போய்ச் சேரவே சாயங்காலம் ஆயிடும். ஏரோப்ளேன்தான்" என்றார். எனக்குத்தான் வழி சொல்கிறார் என்று நினைத்தேன். நான் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அவர் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

சுங்கை பெசி விமானத் திடல் எங்கள் வீட்டிலிருந்து ஏழு மைல் இருக்கும். சாலாக் செலாத்தானைத் தாண்டும்போது டாக்சிக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆகாயத்துலயா போறீங்க ஐயா? பயமா இல்லையா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

நல்லவேளை, இரண்டு இடம் இருந்தது. கட்டணம், பள்ளி ஆசிரியையான என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது. பெட்டியோடு ஆளையும் தராசில் நிறுத்துகிறார்கள். "நான் என்ன பார்சலா?" என்று முணுமுணுத்தபடி அப்பா ஏறி நின்றார்.

எட்டுப் பேர் உட்காரும் சிறிய விமானம். பத்து மணிக்குக் கிளம்பியது. தூரம் ஏறக்குறைய நூற்றெண்பது மைல். தஞ்சோங் மாலிம் வரை அப்பா கீழே தெரிந்த தண்டவாளத்தைக் காட்டி ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தார். ஈப்போ தாண்டியதும் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டார். பதினொன்றே முக்காலுக்கு பாயான் லெப்பாஸில் இறங்கினோம். துறைமுகத்துக்கு இன்னும் பத்து மைல். டாக்சி கிடைத்துப் போய்ச் சேர ஒரு மணியாகிவிட்டது.

கமலம் பயணிகள் கொட்டகையில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்; புருஷன் பக்கத்தில் நின்றார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. "அப்பா" என்றாள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்பா காதைத் தேய்த்தார். "மேல போனதுல காது அடைச்சுக் கெடக்கும்மா. இன்னொரு தரம் கூப்பிடு."

அவள் கூப்பிட்டாள். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அப்பா அந்தப் பெட்டிமேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையிடம், "ஊர்ல என்ன வேல பாக்கறதா உத்தேசம்?" என்று கேட்டார். கப்பல் ஏணியை எடுக்கப்போவதாக ஆட்கள் சத்தம் போடும்வரை எழுந்திருக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், காதுக்குப் பஞ்சு அவசியம். ஒன்றே முக்கால் மணி நேரப் பறப்பு என்றாலும், வீட்டிலிருந்து துறைமுகம் வரை நாலு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணம் தகுமா என்று பலர் கேட்கிறார்கள். பகல் ரயிலில் போயிருந்தால், நாங்கள் பிறையில் இறங்கும்போது கப்பல் நடுக்கடலில் இருந்திருக்கும்.