சாலமனின் மீசைக்கு இருபதாயிரம் வோல்ட்டு

ராயபுரம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் பழைய மானிட்டர் பழுதுபார்க்கும் சாலமனுக்கு ஆண்டவர் இரண்டு செல்வங்களைக் கொடுத்திருந்தார். ஒன்று, மனைவி ரோசி. மற்றொன்று, மீசை. எதை அதிகம் நேசித்தார் என்று கேட்டு ரோசியின் மனத்தைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அந்த மீசை அழகுக்கு மட்டுமல்ல, தொழிலுக்கும்தான். பெட்டிபோல் பருத்த பழைய மானிட்டருக்குள் ஈ.எச்.டி. என்றொரு குட்டி டிரான்ஸ்பார்மர் உண்டு. படக்குழாய்க்கு இருபதாயிரம் வோல்ட்டு கொடுப்பது அதுதான். சாதாரண மீட்டரை அங்கே வைத்தால் மீட்டருக்குக் கருமாதி. சாலமனோ திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோவார். மீசை சிலிர்த்து நின்றால் ஈ.எச்.டி. நலம். படுத்தே கிடந்தால் காலி. எழுந்து எழுந்து விழுந்தால் உள்ளே விரிசல், மின்சாரம் ஒழுகுகிறது. கைமுடியெல்லாம் சால்டரிங் சூட்டில் பொசுங்கிப் போனவருக்கு மீசையே துணை. முப்பது வருடத்தில் அது ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

போன வருடம் மகள் ஜானட்டுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. ஆனந்தக் கண்ணீருக்கு நடுவே ரோசி ஓர் உண்மையைச் சொன்னாள்.

“வேலை கெடச்சா உனக்கு மொட்டை போடறேன்னு வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிக்கினேன்யா. மீசையோட.”

“என் மீசைய நேர்ந்துக்க நீ யாருடி?”

“பொண்டாட்டி.”

இதற்கு எந்த நீதிமன்றத்தில் பதில் உண்டு?

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய மறுநாளே, மீன் கூடையில் மானிட்டரைச் சுமந்துகொண்டு கோவிந்தம்மா வந்து நின்றாள். காசிமேட்டில் மீன் விற்பவள். வருடந்தோறும் மாதா கோயில் திருவிழாவில் வாத்து சுடும் வீடியோ கேம் கடை போடுவாள். அந்தத் துப்பாக்கிக்குப் பழைய படக்குழாயின் வெளிச்சம்தான் கண்ணுக்குத் தெரியும். தட்டை டிவியில் சுட்டால் ஒரு வாத்தும் விழாது. அன்று மாலை திருவிழா. மானிட்டரோ இருண்டு கிடந்தது.

“இன்னா நைனா, மூஞ்சி செதில் எடுத்த சங்கரா மீனு மாதிரி கீது?”

சாலமன் அலமாரியைத் துழாவினார். அந்த மாடலுக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஈ.எச்.டி. கோளாறு வேறிடத்தில் இருந்து, தெரியாமல் இதை மாட்டினால் இதுவும் எரிந்துபோகும். கோவிந்தம்மாவின் திருவிழா அதோடு முடிந்தது.

சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரையருகே உதட்டைக் கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை. மொட்டைத் தலையைக் காட்டினார். அதுவும் ஊமை.

“முட்டினா சரியாப் பூடுமா?” என்றாள் கோவிந்தம்மா.

அவர் கண்கள் கலங்கிய அந்த நேரத்தில், சாப்பாட்டுக் கேரியருடன் ரோசி வந்தாள். தலைக்குக் குளித்து, சாம்பிராணி போட்டு உலர்த்திய கூந்தல். கல்யாணத்தன்றுகூட அவர் அதை அப்படிப் பார்த்ததில்லை.

“ரோசி, முடிய அவுத்து வுடு!”

“கடைலயா? வெக்கமா கீதுய்யா!”

“தொழிலுக்குடி!”

அவள் திரையின் அருகே தலையைச் சாய்த்தாள். கூந்தல் இழை இழையாக எழுந்தது. ‘டிக்’. விழுந்தது. மறுபடி எழுந்தது. ‘டிக்’. விழுந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தார் சாலமன். ஈ.எச்.டி.யின் விரிசலிலிருந்து நீலப்பொறி பறந்துகொண்டிருந்தது.

“ஒழுகுது! ஈ.எச்.டி.யேதான்!”

புதியதை மாட்டி, சுவிட்சில் விரல் வைத்தார். ரோசி கண்மூடிக் கைகூப்பினாள்.

“மாதாவே, படம் வந்தா என் வூட்டுக்காரரு மறுபடியும்...”

பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். “இந்த வாட்டி உன் முடிய நேர்ந்துக்கடி!”

“சரி, மாதாவே, என்...”

அவர் அந்தக் கூந்தலைப் பார்த்தார். இனி மீசை முளைக்கும்வரை அதுவல்லவா பிழைப்பு! “ஐயோ, அதுவும் வேணாம்!”

“இன்னா பேஜாரு இது!” என்று கத்தினாள் கோவிந்தம்மா. “என் தலைய எடுத்துக்க, தாயே! நீ சுவிச்சப் போடு நைனா!”

திரை ஒளிர்ந்தது. ரோசியின் கூந்தல் எழுந்தது, எழுந்தபடியே நின்றது. வாத்துகள் பறந்தன.

பத்து நாள் கழித்து, பளபளக்கும் மொட்டையோடு கோவிந்தம்மா கடைக்கு வந்தாள். சாலமனின் உதட்டின் மேல் லேசாகக் கருமை படர்ந்திருந்தது.

“இன்னா நைனா, மீச வேலைக்கு வந்துகிச்சா?”

“இன்னும் இல்லக்கா. அது வர்ற வரைக்கும்...”

“ஸ்ஸ்! பேசாதீங்க,” என்று மேசையடியிலிருந்து அதட்டல் வந்தது. ஒரு மானிட்டர்மேல் கூந்தலைப் பரப்பிக் கிடந்த ரோசி, கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “இது காலி.”