சந்தனசாமியின் மகள் நன்றாகப் படிக்கிறாள்

கறம்பக்குடிப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் பெயிண்டர் சந்தனசாமி, படகில் வந்து இறங்கியபோது மூன்று வயதுக் குழந்தை. அதற்குப் பிறகு அவர் எங்கிருந்தும் வரவில்லை. ஆனாலும் இன்றுவரை வந்தவர்தான். சுற்றுவட்டாரத்தில் சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகளில் பாதிக்கு அவர்தான் வண்ணம் அடித்தார். எந்த வீட்டிலும் உள்ளறை வரை அவருக்கு அத்துப்படி. பால் காய்ச்சும் நாளில் மட்டும் அவரைக் கூப்பிட மறந்துவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவர் இந்த மண்ணோடு எவ்வளவு ஒன்றிப்போயிருக்கிறார், அரசு உதவியை எவ்வளவு நம்பியிருக்கிறார், பிள்ளைக்குப் படிப்பு கிடைக்கிறதா என்று அளந்து பார்க்கச் சென்னையிலிருந்து பொருளாதார ஆய்வாளர் இசைவாணி வந்தார். நல்ல பெண்.

“ஊர்க்காரங்க ஒங்கள எப்படிப் பாக்குறாங்கண்ணே?”

“நிமிந்து பாக்குறாங்கம்மா. நான் சாரத்து மேலதானே நிப்பேன்.”

மனைவி ரீட்டா சிரித்தாள். அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றது.

“மக ஷெரின் என்ன பண்றாங்க?”

சாரத்திலிருந்து விழுந்து சந்தனசாமி கால் ஒடிந்த வருடம், ஷெரின் கல்லூரியை விட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போய்விட்டாள். வெளியூரில் தங்கி வேலை பார்ப்பது தெரிந்தால் முகாமில் பேரை வெட்டிவிடுவார்கள் என்பது அங்குள்ளவர்களின் அசையாத நம்பிக்கை. உதவித்தொகை போனால் போகட்டும். அந்தப் பேரும் போனால், தான் யாரென்று காட்ட அவளிடம் வேறெதுவும் கிடையாது. அதனால் மாதாமாதம் முகாமில் அதிகாரி ஆள் எண்ணும் தணிக்கை நாளுக்கு பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்பாள். யார் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்தான்.

“காலேஜ் படிக்குதும்மா.”

“நீங்க சொல்றது ஆபீசுக்குப் போகாதுண்ணே. தைரியமாச் சொல்லுங்க.”

இதைச் சின்ன வயதிலிருந்தே பலர் சொல்லக் கேட்டவர் சந்தனசாமி. “நல்லாவே படிக்குதும்மா” என்று இரண்டாவது கோட்டிங்கும் அடித்தார்.

மழைக்காலம் முடிந்து இசைவாணி மறுபடி வந்தார். பாதியில் படிப்பை விட்ட முகாம் பெண்களைத் திரும்பக் கல்லூரியில் சேர்த்து, முடிக்கும்வரை செலவு செய்ய ஓர் அறக்கட்டளை முன்வந்திருக்கிறது என்று கூட்டத்தில் அறிவித்தார். அடுத்த வீட்டு சுகுணாவுக்கு இடம் கிடைத்தது.

“ஷெரின் மாதிரி விடாமப் படிக்கிறவங்களுக்கு இது தேவைப்படாது. அவங்கதான் எங்க ஆய்வுக்கே பெருமை” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். சந்தனசாமியும் தட்டினார்.

ரீட்டா அவர் விலாவில் இடித்தாள். “எந்திரிச்சுச் சொல்லுங்க.”

“தணிக்கை எடுக்குற ஆபீசரு அந்தம்மா பக்கத்துலயே ஒக்காந்திருக்காருடி.”

“பின்ன எப்பச் சொல்லுவீங்க?”

சந்தனசாமி எழுந்தார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“என்னண்ணே?” என்றார் இசைவாணி.

“ஒண்ணுமில்லம்மா. ரொம்ப நன்றி.”

மறுநாள் போனில் உண்மையைச் சொன்னார். “இருந்த எடமெல்லாம் குடுத்து முடிஞ்சிருச்சேண்ணே” என்ற இசைவாணியின் குரல் சரியாக இல்லை. அவரைத் தேற்றிவிட்டுத்தான் சந்தனசாமி போனை வைத்தார்.

அடுத்த தணிக்கைக்கு ஷெரின் வந்தாள்.

“சுகுணா காலேஜ் போறாளாமேப்பா.”

“ஆமாம்மா.”

“எம் புக்கெல்லாம் அவகிட்டக் குடுத்துருங்க. சும்மாதானே கெடக்கு.”

வரிசை நகர்ந்தது. அவள் பின்னலில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. கல்லூரிப் பெண்ணின் தலையில் பஞ்சுக்கு என்ன வேலை? அதிகாரி பார்ப்பதற்குள் சந்தனசாமி அதைப் பொறுக்கிப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி நிமிர்ந்தார். “என்னம்மா, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?”

“நல்லாப் போகுது சார்” என்றாள் ஷெரின்.