சித்தப்பா குடித்திருக்கவில்லை

கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சித்தப்பா பஸ்ஸைக் கிளப்பியது இன்னும் என் கண்முன் நிற்கிறது. செஞ்சியிலிருந்து வல்லம் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸுக்கு அவர்தான் டிரைவர். கல்லூரி விட்டு வரும்போது அவருக்குப் பின்சீட்டில்தான் நான் உட்காருவேன். மார்கழிப் பனி கடுமையாக இருந்த சமயம் அது. அவருடைய கண்கள் சிவந்து கிடந்தன. "இன்னா சித்தப்பா, லீவு போட்டிருக்கலாம் இல்ல?" என்றேன். "சளிக்கெல்லாம் லீவு கேட்டா மொதலாளி சிரிப்பாரு. மாத்திர போட்டுக்கினேன், வுட்டுடும்" என்றார்.

காலையில் வீட்டில் இருந்த இருமல் மருந்தைச் சித்தி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். பிறகு சித்தப்பாவே பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். அப்படியும் மூக்கு ஒழுகுவதைப் பார்த்த கண்டக்டர், தனக்குச் சளியைக் குணமாக்கிய மாத்திரை என்று சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். யாரும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. அதனால்தானோ என்னவோ, யார்மீதும் கோபப்பட முடியாமல் மனசு இன்னும் ஆறாமலே இருக்கிறது.

ஊரைத் தாண்டி வயல்கள் தொடங்கும் இடத்தில் பஸ் மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கியது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. சித்தப்பாவின் தலை முன்னால் தொங்குவதைக் கண்ணாடியில் பார்த்து நான் கத்துவதற்குள், பஸ் வாய்க்கால் பாலத்தின் கட்டைச்சுவரில் மோதி நின்றுவிட்டது. பலருக்குச் சிராய்ப்போடு போயிற்று. முன்சீட்டில் இருந்த தையல்காரம்மாவின் வலது மணிக்கட்டுதான் கம்பியில் சிக்கி நசுங்கியது. எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்த கை.

"குடிச்சிட்டு ஓட்டியிருக்கான்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சித்தப்பா பீடியைக்கூடத் தொடாதவர். ஆஸ்பத்திரியில் சோதித்து, குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் முதலில் சொன்னது ஊரெல்லாம் பரவிய வேகத்தில் இது பரவவில்லை.

டாக்டரம்மாதான் காலையிலிருந்து என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரை அட்டைகளையும் சித்தி கொண்டுவந்த மருந்து பாட்டிலையும் திருப்பிப் பார்த்தார். "பேருதாங்க வேற வேற. எல்லாத்துலயும் தூக்கம் வரவைக்கிற மருந்து இருக்குது. ஒண்ணு போட்டாலே வண்டி ஓட்டக் கூடாது. ரெண்டு மாத்திரையிலயும் காய்ச்சல் மருந்தும் இருக்குது. இப்படி மேல மேல போட்டா ஈரலே கெட்டுடும். 'நான் டிரைவரு, ஏற்கெனவே இத சாப்ட்டிருக்கேன்'னு கடையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சளி மாத்திரதானம்மா" என்றார் சித்தப்பா. சித்தி சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சித்தப்பா போகவில்லை. இப்போது அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிறார். ஜலதோஷம் வந்தால் ஆவி பிடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மருந்து வாங்கப் போகும் எங்களிடம், வீட்டில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதைக் கடையில் சொல்லச் சொல்கிறார்.

விபத்துக்குப் பிறகு தையல்காரம்மாவைப் பார்க்க அவர் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். தையல் மிஷின்மேல் பழைய புடவை ஒன்று போர்த்திக் கிடந்தது. சித்தப்பா வாசலிலேயே நின்றார். அந்த அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நீ குடிச்சிருந்தா நல்லா திட்டித் தீத்திருப்பேன். சளிக்கு மாத்திர போட்டவன இன்னான்னு திட்டறது?"

அன்று அந்த அம்மா வாய்விட்டுத் திட்டியிருந்தால், சித்தப்பா என்றாவது மறுபடி வண்டியில் ஏறியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.