அக்காவின் இடது கைக்கு ஓர் உருண்டை வூல்

அக்காவுக்கு ருமேனியாவில் தையல் வேலை கிடைத்தது. அங்கே பனி கொட்டுமாம். அதனால் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினேன். இடது கை முழங்கையோடு நிற்க, வூல் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிளேன். செவ்வாய்க்கிழமை, தெரணியகலையிலிருந்து இரத்தினபுரிக்கு முதன்முறையாகத் தனியாகப் புறப்பட்டேன். வூல் வாங்கப் போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காலை ஆறே காலுக்கு பஸ். அவிசாவளையில் இறங்கி இரத்தினபுரி பஸ் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நானூறு ரூபாய் கையில் இருந்தால் போதும். ஜன்னலோரம் கிடைத்தது. வழியெல்லாம் ரப்பர் மரங்களுக்கு மழைக்காகப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். கடையில் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஸ்டாண்டில் ஒரு த்ரீவீல்காரரிடம் கடைப் பெயரைச் சொன்னேன். "அந்தா தெரியுது பாருங்க நங்கி. ஏத்திட்டுப் போனா எனக்குத்தான் பாவம்" என்று தங்கச்சியிடம் பேசுவதுபோல் சிரித்தார். ஆகவே நடந்தே போங்கள்.

கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தியாவிலிருந்து நேரடியாக வூல் இறக்குகிறவர். ஐந்தில் ஒரு பங்கு ஆட்டு ரோமம், மிச்சம் அக்ரிலிக். ரோமம் ஆஸ்திரேலியாவிலிருந்து லுதியானா மில்லுக்குப் போய், அங்கே நூலாகி, கப்பலில் கொழும்புக்கு வருகிறது என்றார்.

நான் பழைய உருண்டையில் சுற்றியிருந்த லேபலை நீட்டினேன். அதே கலர் நம்பரில் ஓர் உருண்டை எடுத்து வைத்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். என்னுடையதைவிடக் கறுத்திருந்தது.

"கலர் அதுதான் மகள், லொட் வேற. ஒவ்வொரு தடவையும் சாயம் கொஞ்சம் மாறும். ஒங்கட லொட் முடிஞ்சி போச்சி. தோட்டத்து ஆக்கள் சம்பளத்துக்குச் சம்பளம் ரெண்டு ரெண்டா வாங்குவீங்க, கடைசில இப்பிடித்தான்."

அம்மாவும் அப்படித்தான் வாங்கியிருந்தார். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது மேலே தொங்கிய மப்ளர்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு லொட் வரும்போதும் அதில் ஓர் உருண்டையைப் பின்னி, லொட் நம்பரைக் குத்தித் தொங்கவிடுவது அந்தக் கடை வழக்கம். மெரூன் மப்ளரில் இருந்தது என் லேபலில் உள்ள அதே லொட் நம்பர்.

"நானா... அதப் பிரிச்சித் தருவீங்களா?"

"அட, வாய் இருக்கா புள்ளைக்கி! நான் ஊமைன்டு நெனச்சன்." பிறகு தலையைச் சொறிந்தார். "வெயில்ல வெளுத்திருக்குமே?"

"மடிச்சித்தானே தொங்குது. உள்பக்கம் வெளுத்திருக்காதுங்க. அக்கா வெள்ளிக்கிழம போறா."

அவர் மப்ளரை இறக்கி விரித்தார். பாதி நிறம் மாறாமல் இருந்தது. "சரி, கொண்டு போங்க. ஆனா புது லொட்டுல ஒரு மப்ளர் பின்னித் தரணும். இல்லாட்டி எதக் காட்டி விக்கிற?" என்று புது உருண்டையையும் கையில் வைத்தார்.

பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தது. கேத்தல் ஆவியில் காட்டி நேராக்கினேன். வியாழக்கிழமை சாயந்தரம் கை முடிந்தது. ஆனால் நூல் மணிக்கட்டு வரை எட்டவில்லை. இரண்டு விரல் அகலம் குட்டை. அக்காவிடம் சொல்லவில்லை. ஸ்வெட்டரை மடித்து அவளுடைய பேக்கில் வைத்துவிட்டேன்.

நீங்கள் வாங்கும்போது தேவையான எல்லா உருண்டைகளையும் ஒரே தடவையில், ஒரே லொட்டில் எடுங்கள். முடியாவிட்டால் மிச்சத்தைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கேட்டால் வைப்பார்கள். நிறத்தைக் கடை லைட்டில் பார்க்காதீர்கள். லேபலை வீசாதீர்கள்.

நானாவின் மப்ளரைப் போன வாரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவின் போட்டோ வந்தது. பனியில் ஸ்வெட்டரோடு நிற்கிறாள். வலது கையை இரண்டு விரல் அகலம் மடித்து விட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"இங்க அவ்வளவு குளிர் இல்லடி" என்று எழுதியிருந்தாள்.