தமிழ் ஐயா நடத்திய ஆங்கில வகுப்பு

எங்கள் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் ‘ஐயா’, மற்றவர்கள் எல்லோரும் ‘சார்’. நான் ஆங்கிலம் நடத்தினேன். ஓய்வு பெறும்வரை சாராகவே இருந்தேன். பக்கத்து அறையில் தமிழ் நடத்திய என் நண்பர் ஐயா. வேலையில் இருந்த காலமெல்லாம் இது எனக்கு ஒரு பொருட்டாகவே பட்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் சின்ன காஞ்சிபுரத்தில் தன் வீட்டு மாடியில் ஆங்கில வகுப்பு தொடங்கினார். வந்த பிள்ளைகள் அங்கேயும் அவரை ஐயா என்றே கூப்பிட்டார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒருவரை ஐயா என்று அழைப்பதை முதன்முதலில் கேட்ட அன்று, என் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் எதிரில் நடந்துவருவதைப் போல இருந்தது. அந்தச் சட்டை எனக்கு இருந்ததைவிட அவருக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

அவருக்கு முன்பே நான் வகுப்பு தொடங்கியிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை, வாசலில் ‘அலுவலக ஆங்கிலம்’ என்று பலகை. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் இளைஞர்கள், பட்டுக்கடை விற்பனையாளர்கள், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் டிப்ளமோ பிள்ளைகள் வந்தார்கள். எனக்கு இந்தத் துறையில் கிடைக்கும் புத்தகம், பாடம் எல்லாம் தெரியும். எந்த அகராதி பேச்சுக்கு உதவும், எந்த வானொலிப் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது, எந்தச் செயலி வெறும் விளையாட்டு, மின்னஞ்சல் எழுதப் பழக எந்தப் புத்தகம் நல்லது என்று பல வருடம் தேடிச் சேர்த்து வைத்திருந்தேன். இவ்வளவும் கையில் இருந்தும் நான் முதல் வாரம் வினைச்சொற்களின் கால அட்டவணையைத்தான் கரும்பலகையில் எழுதினேன். இரண்டாவது வாரமும் அதையே எழுதினேன். மூன்றாவது வாரம் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

நண்பர் வகுப்பு தொடங்குவதற்கு முன் என்னிடம்தான் யோசனை கேட்டார். மாலை நடையில், சன்னதித் தெரு திரும்பும் இடத்தில் நின்றார்.

“என் பழைய பசங்க ரெண்டு பேரு வந்து மாடியில உக்காந்துக்கினு போவவே மாட்டேங்கறானுங்கபா. சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல கேட்டா வாயே வரலையாம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லித் தரலாம்னு பாக்கறேன். நல்லதா ரெண்டு புத்தகம் சொல்லேன்.”

நான் இருப்பதிலேயே தடிமனான இலக்கண நூலைக் கொடுத்தேன். அதைப் பார்த்து மிரண்டு வகுப்பு எண்ணத்தையே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். வானொலிப் பாடங்களைப் பற்றியோ, வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே உள்ள எளிய புத்தகங்களைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. “இதைப் படிக்காம இங்கிலீஷ் சொல்லித்தர முடியாதுபா” என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

அவர் மிரளவில்லை. அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஊருக்குத் தெரிந்த ஒரு வழியை எடுத்துக்கொண்டார். கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் ஊடுநூல் ஓட்ட, உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. ஒரே ஆளால் முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ளிக்கொடுக்க வேண்டும். அதே மாதிரி இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார். ஒருவன் தொழிற்சாலையில் அன்று நடந்ததைத் தமிழில் சொல்வான். மிஷின் நின்றுபோனது, பாகம் வரவில்லை, அடுத்த ஷிஃப்டுக்காரன் தாமதம். பக்கத்தில் இருப்பவன் அதை ஆங்கிலத்தில் சொல்வான். வராத சொல்லுக்கு அவர் எடுத்துக்கொடுப்பார். அவருக்கும் வராவிட்டால், “எனக்கும் தெரியலையேபா, வா பாக்கலாம்” என்று எல்லோர் முன்னாலும் அகராதியைப் புரட்டுவார்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் நடத்திய நான் ஒருநாளும் வகுப்பில் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னதில்லை.

என் வீட்டிலிருந்து கடைவீதிக்குப் போக அவர் தெரு வழியே போகத் தேவையே இல்லை. ஆனாலும் போனேன். மாலையில் அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பதற்காகவே போனேன். கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூக்கள், ரப்பர் செருப்புகள், பெண்பிள்ளைகளின் பட்டைச் செருப்புகள் படியோரம் குவிந்து தெருவரை வந்திருக்கும். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆங்கில வகுப்பில் என்ன சிரிப்பு என்று எரிச்சலாக வரும். மழை நாளில் செருப்புகள் குறைவாக இருந்தால் எனக்கு மனம் லேசாகும். அறுபத்தெட்டு வயதில் மழைக்காக வேண்டிக்கொண்டேன்.

அவர் தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போடுவார். என் மனைவியின் எண்ணைக் கொடுத்து அந்தக் குழுவில் சேர்ந்தேன். கேட்டுக் கற்பதற்கு அல்ல, தப்புக் கண்டுபிடிப்பதற்கு. தப்பு இருக்கத்தான் செய்தது. உச்சரிப்பில் எங்கள் ஊர் மணம் வீசும். ஆனால் ஒரு பதிவில், புரியாதபோது இன்னொரு முறை சொல்லுங்கள் என்று மேலதிகாரியிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார். “இதைக் கேக்கறதுல வெக்கமே வேணாம்பா. புரியாம தலையாட்டிட்டு மிஷின்ல கைய வுட்டுக்கறதுதான் தப்பு” என்றார். நான் அதை மூன்று முறை கேட்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி, “அவரு சொல்றது எனக்கே புரியுதுங்க. உங்களுக்கு எத்தினி தபா கேட்டாப் புரியும்?” என்றாள்.

இன்னொரு நாள் அதே குழுவில், “இலக்கணத்துல சந்தேகம்னா பஸ் ஸ்டாண்டாண்ட சார்கிட்ட போங்க. அவரை மாதிரி தெரிஞ்சவங்க இந்த ஊர்லயே கிடையாது” என்றார். அன்று எனக்கு வந்த கோபம் அதற்கு முன் வந்ததே இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புகழ்ந்து ஆள் அனுப்பியதைத் தாங்க முடியவில்லை. ஒருத்தரும் வரவில்லை என்பது வேறு.

இந்த நிலையில்தான் நாங்கள் இருவரும் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பேச்சு கிளம்பியது. தமிழ் வழியில் சேரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அடுத்த ஜூன் முதல் ஆறாம் வகுப்பின் தமிழ் வழிப் பிரிவை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆங்கில வழியாக்கிவிடலாமா என்று நிர்வாகம் பெற்றோரைக் கூட்டிக் கேட்கப் போவதாகச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளைகள் திடீரென்று அறிவியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டிவரும். கூட்டத்தில் பேச என் நண்பரை அழைத்தார்கள். என்னை அழைக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு என்பதை ஊரில் பலர் அறிவார்கள். மொழிக் கல்விக் கொள்கை பற்றி வந்த அறிக்கைகளை வரி வரியாகப் படித்தவன் நான். ஆசிரியர் சங்க இதழில் எழுதியும் இருக்கிறேன். ஒரு மொழியைக் கற்பது வேறு, ஒரு மொழியில் கற்பது வேறு. பிள்ளைகள் பாடங்களைத் தமிழில் படிக்கட்டும், ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாகக் கற்கட்டும் என்பதுதான் என் கட்சி. நண்பரின் கட்சியும் அதுவே. ஓரிக்கைப் பக்கம் நடந்துபோன எத்தனையோ மாலைகளில் இதைப் பேசியிருக்கிறோம்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளியின் பிரார்த்தனைக் கூடத்தில் நடந்தது. பெரும்பாலும் அம்மாக்கள். நிர்வாகி முன்வரிசையில். நண்பர் வேட்டியை ஒருமுறை சரிசெய்துகொண்டு எழுந்து, எடுத்த எடுப்பிலேயே, “ஒரு மொழியக் கத்துக்கறது வேற, ஒரு மொழியில கத்துக்கறது வேற” என்றார்.

அந்த வாக்கியம் எங்களில் யாருடையது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நடையில் பிறந்தது. அன்றைக்கு மட்டும் அது என்னுடையது என்று பட்டது.

அவர் நன்றாகப் பேசினார். நான் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த அம்மாக்களுக்கு நாலு வார்த்தையில் புரியவைத்தார். பட்டு நூல் சுற்றும் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து, “தமிழ்ல படிச்சா என் பொண்ணுக்கு நாளைக்கு வேலை கெடைக்குமாய்யா? அத்த மட்டும் சொல்லுங்க” என்று கேட்டாள். அவர் தன் மாடிக்கு வரும் பிள்ளைகளைச் சொன்னார். எல்லோரும் தமிழ் வழியில் படித்தவர்கள், இப்போது தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் சமாளிக்கிறார்கள் என்றார். அந்தப் பெண் தலையசைத்து உட்கார்ந்தாள். கூடமே அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. எல்லா முகங்களும் அவரையே பார்த்தன. அந்த முகங்களை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

“ஐயாவுக்கு ஒரே ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்துல தமிழே போதும்னா, உங்க மாடிப்படியில தினமும் அத்தனை செருப்பு ஏன் குவிஞ்சிருக்குது? மேடையில தமிழ், மாடியில இங்கிலீஷா?”

கூடம் சிரித்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள். தமிழே போதும் என்று அவர் சொல்லவில்லை. பாடத்தைத் தமிழில் படித்து, ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்கட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது அந்தக் கூடத்தில் யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். ஒரு பதிலும் சொல்லாமல் உட்கார்ந்தார். பேச்சுக்குப் பேச்சு பேசத் தெரிந்தவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நிர்வாகி என் பக்கம் திரும்பி, “இங்கிலீஷ் சாரே சொல்லிட்டாரு” என்றார். கை தூக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஆங்கில வழிக்குக் கை தூக்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து ஆவதென்ன? ஜெயித்தவனின் சந்தோஷம்தான் அது. சாப்பிட உட்காரும்வரை நீடித்தது.

ஜூனில் தமிழ் வழிப் பிரிவு போனது. ஆகஸ்டுக்குள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் பாடத்தைப் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்கிறார்கள் என்று இப்போது அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களே சொன்னார்கள். செடி எப்படி உணவு தயாரிக்கிறது என்று போன வருடம் கேட்டால் கை தூக்கிய பிள்ளைகள், இப்போது கேட்டால் மேசையைப் பார்க்கிறார்களாம். நண்பர் மாலை நடைக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். நானே ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வகுப்பு இல்லாத நேரம். அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னாபா, வழி தெரிஞ்சுதா?” என்றார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உன் வகுப்பின் மேல் பொறாமை, உன்னை ஐயா என்று கூப்பிடுவதன் மேல் பொறாமை, அதனால்தான் அப்படிக் கேட்டேன் என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? உங்க வூட்டம்மா நம்பர்ல நீதான் கேட்டுக்கினு இருக்கறேன்னும் தெரியும். பொழுது விடியறதுக்கு முன்ன எழுந்து, போட்டதும் கேக்கறது அவங்களா இருக்குமா?” சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “பொறாமைய விடுபா. என் இங்கிலீஷ் மோசம்னு நீ சொல்லியிருந்தா நானும் ஆமான்னு சொல்லிட்டு உக்காந்திருப்பேன். ஆனா உனக்கே நம்பிக்கை இல்லாத ஒண்ண அத்தினி பேரு முன்னால சொன்னியே. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது? என் பதில் பூரா உனக்குத் தெரியுமே.”

“தப்புதான்.”

“எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? எனக்கா ஆறாங்கிளாஸ் பாடம்? சொன்ன எடத்துல போய் சொல்லு.”

நிர்வாகியைப் பார்த்தேன். “சார், உங்க கேள்விய வச்சித்தானே முடிவே எடுத்தோம். இப்ப வந்து இப்படிச் சொன்னா எப்படி?” என்றார். வேண்டுமானால் அரையாண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் கூட்டத்துக்கு நான் நண்பரைக் கூப்பிடவில்லை. அவராகவே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மைக்கை வாங்கிச் சுருக்கமாகச் சொன்னேன். போன கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி நேர்மையானது அல்ல. ஐயா சொன்னதுதான் சரி, அப்போதும் அதுதான் என் கருத்து. அவர்மேல் இருந்த பொறாமையில் உங்களைத் திசைதிருப்பிவிட்டேன். தமிழ் வழிப் பிரிவைத் திரும்பக் கொண்டுவரும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள்.

யாரும் கைதட்டவில்லை. நூல் சுற்றும் அந்தப் பெண் எழுந்தாள்.

“அப்ப அன்னிக்கு சொன்னது பொய்யா சார்?”

“ஆமாம்மா.”

“படிச்சவரு, இங்கிலீஷ் சாரு, நீங்களே சொல்றீங்கன்னுதான் நான் கை தூக்கினேன். எம் பொண்ணு ராத்திரி புத்தகத்த வச்சிக்கினு அழுவுது. எனக்கும் படிக்கத் தெரியாது. இந்த ஆறு மாசத்துக்கு இன்னா சொல்றீங்க?”

நான் மைக்கைக் கீழே இறக்கினேன். அவள் கடைசி வரிசையை நோக்கித் திரும்பி, “ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க. இப்ப இன்னா பண்றது?” என்றாள்.

நாற்காலிகள் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. கூடம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. அவர் மெதுவாக எழுந்து, இருந்த இடத்திலிருந்தே பேச ஆரம்பித்தார். யார் யாருக்கு என்ன பாடம் புரியவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மைக் என் கையில் இருந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. மன்னிப்புக் கேட்டு முடித்த அந்த நிமிடத்திலும், அந்த முகங்கள் அவரைப் பார்த்த விதத்தைக் கண்டு எனக்கு வயிறு எரிந்தது.