ஐந்தாவது ஷரத்து

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் கடிதம் எழுதும் முன்ஷியாக இருந்தேன். உலகப் போரில் தோற்ற துருக்கியின்மேல் வென்ற நாடுகள் ஓர் உடன்படிக்கையைச் சுமத்தியிருந்த சமயம் அது. துருக்கி சுல்தானே முஸ்லிம்களின் தலைவரான கலீபா; அதனால் அதைத் திருத்தும்வரை மகளுக்கு நிக்காஹ் இல்லை என்று என் முதலாளி நேர்ந்துகொண்டார். பள்ளிவாசலில் ஜமாத்தார் முன் வாசிக்க ஒரு காகிதம் எழுதச் சொன்னார்.

"துருக்கிக்கு நியாயம் கெடைக்கிற வரைக்கும்னு போடு, போதும்."

எனக்குப் போதவில்லை. எது நியாயம் என்று நாளை ஒருவர் கேட்டால்? பத்திரிகைகளைப் பார்த்து ஐந்து ஷரத்துகளாகப் பிரித்தேன். ஐந்தும் நிறைவேற வேண்டும் என்று எழுதினேன். வாசித்த அன்று எல்லோரும் அதன் ஒழுங்கைப் புகழ்ந்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்துப் புதிய உடன்படிக்கை வந்தது. கடைத்தெருவில் சர்க்கரை வழங்கினார்கள். நான் காகிதத்தையும் செய்தித்தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலைநகரும் சிமிர்னா துறைமுகமும் துருக்கிக்கே. அரபு நாடுகள் இல்லை, புனித நகரங்களின் காவலும் இல்லை. ஐந்தாவது ஷரத்து கலீபாவின் அதிகாரம். கலீபா இருந்தார், அதிகாரம் இல்லை. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

"தோல நறுக்கிப் பாக்கறோம். நடுவுல வெள்ளக் கோடு தெரியுது. இன்னா பண்ணுவோம்?" என்றார் முதலாளி.

"பட்டைச்சாறு உள்ள எறங்கலன்னு திரும்பத் தொட்டியில போடுவோம், சாயபு."

"அப்ப இதுவும் தொட்டிக்குத்தான். நிக்காஹ் இப்ப இல்ல."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மகள் கேட்டாள்: "முன்ஷி மாமா, அந்த அஞ்சுல நான் எத்தனாவது?"

"உள்ள போம்மா."

"உள்ளதான் இருக்கேன், மூணு வருசமா."

நான் காகிதத்தை மடித்தேன். மடிப்பு கோணலாக விழுந்தது.

அடுத்த ஆண்டு கோடைத் தொடக்கத்தில் துருக்கியர்களே கலீபாவை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டதாகப் பத்திரிகையில் வந்தது. மூன்று முறை படித்தேன். அதே வாரம் முன்பே பேசி வைத்திருந்த பேரணாம்பட்டு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பார்களாம்.

"அந்த அஞ்சாவத இனிமே யார்கிட்டப்பா கேக்கறது? வெள்ளக்காரன்கிட்டயா, துருக்கிக்காரன்கிட்டயா?"

"தெரியல, சாயபு. நிறைவேறலன்னு எழுதவா, தள்ளுபடின்னு எழுதவா?"

"நீ எழுதினதுதான்யா இவ்ளோ பேஜாரு! எதுவும் எழுதாதே." பிறகு திரைப் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமைன்னு சொல்லியனுப்பு."

நிக்காஹ் அன்று ஜமாத்துப் பெரியவர் ஒருவர், "அஞ்சும் ஆச்சா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டு ஆச்சு, ரெண்டு ஆகல. அஞ்சாவதக் கேக்க ஆள் இல்ல" என்றேன்.

காஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

அந்தக் காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நான்கு ஷரத்துகளுக்கு எதிரே ஆனது, ஆகாதது என்று குறி இட்டிருக்கிறேன். ஐந்தாவதற்கு என்ன குறி இடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.